நியூயார்க் சுரங்க ரயிலில் வழி தவறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. நியூயார்க்கைச் சுற்றிப் பார்க்க வந்த உறவினர் யாராவது ஏதாவதொரு நடைமேடையில் நின்றுகொண்டு அழைப்பார். "தம்பி, எங்கேயோ வந்துவிட்டோம், ஒன்றும் புரியவில்லை." பல ஆண்டுகளாகப் பதில் சொல்லிச் சொல்லி என் கேள்விகள் மூன்றாகச் சுருங்கிவிட்டன. எந்த எழுத்து அல்லது எண் போட்ட ரயிலில் வந்தீர்கள்? எதிரே தூணில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? சுழல்கதவுக்கு உள்ளே நிற்கிறீர்களா, வெளியே போய்விட்டீர்களா?

மூன்றாவது கேள்விதான் காசு சம்பந்தப்பட்டது. இங்கே எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். 2026 ஜனவரியிலிருந்து அது 3 டாலர். லண்டனிலும் சிங்கப்பூரிலும் செய்வதுபோல வெளியேறும்போது அட்டையைத் தொட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும்வரை எத்தனை முறை தவறான ரயிலில் ஏறினாலும், மாறினாலும், திரும்பினாலும் கூடுதலாக ஒரு காசு போகாது. பதற்றத்தில் வெளியே போய்விட்டு மறுபடி நுழைந்தால் இன்னொரு 3 டாலர். ஆகவே கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் மருந்து ஒன்றே: வெளியேறும் கதவைத் தள்ளாதீர்கள், சுவரோரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

அறிகுறி: சுழல்கதவு திறக்கவில்லை

முதலில் பணப்பையைப் பாருங்கள். பையோடு சேர்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு மூன்று அட்டைகளும் ஒன்றாகப் பேசி இயந்திரத்தைக் குழப்பும். ஓர் அட்டையை மட்டும் வெளியே எடுத்துத் திரைமேல் படும்படி ஒரு நொடி வையுங்கள். பச்சை வந்த பிறகு இடுப்பால் கம்பியைத் தள்ளுங்கள். பலர் பச்சைக்கு முன்பே தள்ளிவிட்டு, கதவு பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியும் திறக்காவிட்டால் பக்கத்துக் கதவுக்குப் போங்கள். அங்கே திறந்தால் பழுது முதல் கதவில். அங்கேயும் திறக்காவிட்டால் பழுது உங்கள் அட்டையில்.

அட்டையில் அலை அலையான நான்கு வளைகோடுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது தொட்டுச் செலுத்தும் அட்டையே அல்ல. கோடுகள் இருந்தும் மறுத்தால் சந்தேகம் வங்கியின் மீது. இந்திய வங்கி அட்டை கொண்டுவருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் தாமாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலிக்குள் போய் இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஒன்றை இயக்கிவிட்டு மற்றதை மறந்தவர்களே அதிகம். விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். நடைமேடையில் நின்றுகொண்டு, இந்திய எண்ணுக்கு வரவேண்டிய ஓடிபிக்காகக் காத்திருப்பது சுகமான அனுபவம் அல்ல.

எதுவும் பலிக்கவில்லையா? நிலையத்தில் இருக்கும் விற்பனை இயந்திரத்தில் ஓம்னி என்ற ரயில் கட்டண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். சில இயந்திரங்கள் நோட்டு வாங்காது, அடுத்ததைப் பாருங்கள். யாராவது பழைய மஞ்சள் கட்டண அட்டையான மெட்ரோகார்டை அன்போடு கொடுத்தனுப்பினால் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். அதை விற்பதும் அதில் பணம் ஏற்றுவதும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டன.

குடும்பமாக வந்தவர்களுக்கு இரண்டு செய்திகள். ஒரே அட்டையை அடுத்தடுத்துத் தொட்டு நான்கு பேர்வரை உள்ளே போகலாம். 44 அங்குல உயரத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவரோடு மூன்று குழந்தைகள்வரை போகலாம்.

*யாரைக் கூப்பிடுவது:* மூன்று முறை தொட்டும் நடக்கவில்லை, அல்லது பச்சை வந்தும் நீங்கள் நுழைவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது என்றால் நிலைய ஊழியரிடம் போங்கள். இப்போது அவர்கள் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நடமாடுகிறார்கள். முன்னால் போகிறவர் அவசரக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "வாங்க" என்று தலையசைப்பார். போகாதீர்கள். அபராதம் அவருக்கல்ல, உங்களுக்கு.

அறிகுறி: உள்ளே வந்துவிட்டேன், ஆனால் என் ரயில் எதிர்ப்பக்கம் வருகிறது

நுழைவாயில் பலகையைப் படிக்காமல் இறங்கியதன் பலன் இது. மன்ஹாட்டனில் 'அப்டவுன்' என்றால் வடக்கு, தெரு எண்கள் ஏறும் திசை. 'டவுன்டவுன்' என்றால் தெற்கு, எண்கள் இறங்கும் திசை. லோக்கல் ரயில் (எல்லா நிலையத்திலும் நிற்பது) மட்டும் நிற்கும் சிறிய நிலையங்கள் பலவற்றில் இரண்டு திசைக்கும் தனித்தனி வாசல், சாலையின் இரண்டு ஓரங்களில். உள்ளே போன பிறகு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போக வழியே இருக்காது.

முதலில் படிக்கட்டு ஏதும் கீழே அல்லது மேலே எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறதா என்று பாருங்கள். இருந்தால் கதை முடிந்தது.

இல்லையென்றால், கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் தவறான திசை ரயிலிலேயே ஏறுங்கள். பெரிய நிலையம் வரும்வரை போய், அங்கே உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் மாறித் திரும்புங்கள். உதாரணமாக 7-ஆவது அவென்யூவின் 23 ஸ்ட்ரீட்டில் 1-ஆம் எண் ரயிலுக்கு, தெற்கு நோக்கிய பக்கத்தில் தவறி இறங்கிவிட்டால், அப்படியே 14 ஸ்ட்ரீட் போய் மாறலாம். 6-ஆம் எண் ரயிலின் 28 ஸ்ட்ரீட்டில் வடக்குப் பக்கம் மாட்டிக்கொண்டால் கிராண்ட் சென்ட்ரல்வரை போய் மாறலாம். பத்து நிமிடம் போகும், 3 டாலர் மிஞ்சும். நேரம்தான் முக்கியம் என்றால் வெளியேறி சாலையைக் கடந்து மறுபடி கட்டணம் கட்டுங்கள், அதுவும் தவறில்லை.

ஏறிய பிறகு திசை சரியா என்று தெரிந்துகொள்ள மன்ஹாட்டனில் ஒரு சுலபமான சோதனை: அடுத்த நிலையத்தின் எண் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? உங்கள் தெரு எண்ணை நோக்கிப் போகிறதென்றால் உட்காரலாம். புரூக்ளினில் இந்தச் சோதனை எடுபடாது.

அறிகுறி: ரயில் என் நிலையத்தில் நிற்காமல் பறக்கிறது

அழைப்புகளில் பாதி இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மாமா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டார். இறங்க வேண்டிய இடம் 81 ஸ்ட்ரீட். 59 ஸ்ட்ரீட்–கொலம்பஸ் சர்க்கிளில் மாற வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே ஒரே நடைமேடையின் ஒரு பக்கம் பி, சி ரயில்கள், மறுபக்கம் ஏ, டி ரயில்கள். வரைபடத்தில் நீல நிறத்தைப் பார்த்து வைத்திருந்த மாமா, நீல வட்டம் போட்ட ரயில் முதலில் வந்ததும் ஏறிவிட்டார். அது ஏ. நீல நிறம் ஏ, சி, ஈ மூன்றுக்கும் பொது. மன்ஹாட்டனில் எந்த அவென்யூவின் கீழ் போகிறது என்பதை மட்டுமே நிறம் சொல்கிறது, எங்கே நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. சியும் பியும் லோக்கல், ஏயும் டியும் எக்ஸ்பிரஸ். ஏ ரயில் 59-ஐ விட்டால் அடுத்து நிற்பது 125 ஸ்ட்ரீட்டில். நடுவில் ஏழு நிலையங்கள். 81 என்ற எண் ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வந்து மறைந்ததைப் பார்த்த மாமா, கதவருகே போய் நின்று, திறக்கும் திறக்கும் என்று காத்திருந்தாராம். 125 ஸ்ட்ரீட் இருக்கும் ஹார்லெம் பகுதியிலிருந்து அழைத்தபோது அவர் முதலில் சொன்ன வார்த்தை: "டிரைவருக்குத் தூக்கம் வந்துவிட்டதா?"

சரிசெய்வது எளிது. ரயில் நிற்கும் முதல் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே போகாமல் எதிர்த்திசை நடைமேடைக்கு மாறுங்கள். அங்கே எக்ஸ்பிரஸை விட்டுவிட்டு லோக்கலில் ஏறுங்கள். மாமா 125-இல் சி பிடித்து ஆறாவது நிறுத்தத்தில் இறங்கினார். இதற்காக அபாயச் சங்கிலியையோ கைப்பிடியையோ தொடவே தொடாதீர்கள்.

அடுத்த முறை நடக்காமலிருக்க: நிறத்தை மறந்துவிடுங்கள், எழுத்தைச் சொல்லுங்கள். இந்த ஊர்க்காரர்கள் யாரும் "நீல ரயில்" என்று சொல்வதில்லை, சொன்னால் அவர்களுக்குப் புரியாது. வரைபடத்தில் நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயருக்குக் கீழே பாருங்கள். அங்கே எந்தெந்த எழுத்து போட்டிருக்கிறதோ அவை மட்டுமே நிற்கும். 81 ஸ்ட்ரீட்டுக்குக் கீழே பி, சி. வார இறுதியில் பி ஓடாது, சி மட்டும்தான். நள்ளிரவுக்கு மேல் சியும் ஓடாது, அப்போது ஏ ரயிலே லோக்கலாகி எல்லா இடத்திலும் நிற்கும்.

எழுத்து சரியாக இருந்தும் தாண்டிப் போனால், லோக்கல் ரயிலைத் தற்காலிகமாக எக்ஸ்பிரஸாக ஓட்டுகிறார்கள் என்று பொருள். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள், உங்களுக்குக் கேட்டிருக்காது. மருந்து அதேதான்.

*யாரைக் கேட்பது:* கண்டக்டரை. ரயிலின் நடுப்பெட்டி ஒன்றில் அவர் இருப்பார். நடைமேடையின் மத்தியில் தலைக்கு மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பலகை தொங்கும். ரயில் நின்றதும் அவருடைய ஜன்னல் அதற்கு நேராக வரும். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அந்தப் பலகையை அவர் சுட்டிக்காட்டுவார், சரியான இடத்தில் நின்றிருக்கிறோம் என்று உறுதிசெய்துகொள்ளும் வழக்கம் அது. நீங்கள் பலகைக்குக் கீழே நின்றால் கேள்வி கேட்க ஐந்து நொடி கிடைக்கும். ஊர், பேர், வரலாறு எதுவும் வேண்டாம். "எய்ட்டி ஒன்?" என்றால் போதும், தலையை ஆட்டிவிடுவார். இரவு நேரத்தில் தனியாகக் காத்திருக்கவும் அந்த இடமே நல்லது.

அறிகுறி: எழுத்து சரி, திசையும் சரி, ஆனாலும் வேறு எங்கோ போகிறது

ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று கடைசி நிலையங்கள் இருக்கலாம். பயணிகளைக் கவிழ்ப்பது கென்னடி விமான நிலையத்துக்குப் போகும் ஏ ரயில். இறங்க வேண்டியது ஹோவர்ட் பீச், அங்கிருந்து ஏர்டிரெயின் என்ற விமான நிலைய ரயில், அதற்குத் தனிக் கட்டணம். ஏ ரயில்களில் ஃபார் ராக்அவே போகிறவை ஹோவர்ட் பீச் வழியாகப் போகும். லெஃபர்ட்ஸ் பூல்வார்டு போகிறவை அதற்கு முன்பே பிரிந்துவிடும்.

லெஃபர்ட்ஸ் ரயிலில் ஏறிவிட்டது தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாதை பிரியும் இடம் ராக்அவே பூல்வார்டு. அங்கே இறங்கி, அதே நடைமேடையில் ஃபார் ராக்அவே என்று போட்ட அடுத்த ஏ ரயிலுக்குக் காத்திருங்கள். பிரிவைத் தாண்டிவிட்டால் அந்த நிலையம்வரை திரும்பி வர வேண்டும். விமானத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது என்றால் வெளியேறி டாக்ஸி பிடியுங்கள். இந்த ஒரு சமயத்தில் 3 டாலர் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பெட்டி சுமப்பவர்களுக்கு நான் சொல்வது ஈ ரயில். ஜமைக்கா சென்டர் பக்கம் போகும் ஈயில் ஏறி, சட்ஃபின் பூல்வார்டில் இறங்கினால் அங்கேயும் ஏர்டிரெயின் உண்டு, லிஃப்டும் உண்டு. லிஃப்ட் எல்லா இடத்திலும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 472 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் சக்கர நாற்காலி போக வழி இருக்கிறது. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இல்லாத நிலையத்தை, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அறிகுறி: நிலையத்தின் பெயர் சரி, இடம் தவறு

'23 ஸ்ட்ரீட்' என்ற பெயரில் அந்த ஒரே தெருவில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன, ஒவ்வோர் அவென்யூவுக்கும் ஒன்றாக. 1-ஆம் எண் ரயிலின் 23 வேறு, 6-ஆம் எண் ரயிலின் 23 வேறு. "23-இல் சந்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் எந்த ரயிலின் 23 என்று கேளுங்கள்.

தவறான 23-இல் வெளியே வந்தே விட்டீர்களா? நடந்துவிடுங்கள், அல்லது பஸ் ஏறுங்கள். ரயிலுக்குத் தொட்ட அதே அட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் நகரப் பேருந்தில் தொட்டால் கட்டணம் இல்லை. வெளியே வந்துவிட்ட தவறுக்கு இருக்கும் ஒரே இலவசப் பரிகாரம் இது.

அறிகுறி: நடைமேடையில் காத்துக் காத்துக் கால் வலிக்கிறது, ரயில் வரவில்லை

இன்று சனியா, ஞாயிறா? அப்படியென்றால் ரயில் வராமலேகூடப் போகலாம். இந்தச் சுரங்க ரயில் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஓடுகிறது. இரவில் மூடிவிட்டுப் பழுதுபார்க்கும் வழக்கம் இல்லாததால், பெரிய வேலைகளை வார இறுதியிலும் நள்ளிரவிலும் செய்கிறார்கள். சில ரயில்கள் வேறு தடத்தில் போகும், சில நிலையங்களைத் தாண்டும், சில இடங்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். நடைமேடைத் தூண்களிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் அறிவிப்புத் தாள்களைத் தேடிப் படியுங்கள். வெள்ளிக்கிழமை போட்ட திட்டத்தை ஞாயிற்றுக்கிழமை அப்படியே நம்பாதீர்கள், கிளம்பும் முன் இந்த ரயிலை நடத்தும் எம்.டி.ஏ நிறுவனத்தின் செயலியில் இன்னொரு தடவை பாருங்கள்.

மின்பலகையில் உங்கள் எழுத்தே தென்படவில்லையென்றால் ஊழியரைத் தேடுங்கள். அவரும் இல்லையென்றால் நடைமேடையில் நீல விளக்கு எரியும் உதவிக் கருவி இருக்கும். பச்சைப் பொத்தான் தகவலுக்கு, சிவப்பு ஆபத்துக்கு. பச்சையை அழுத்தத் தயங்காதீர்கள், அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது.

அறிகுறி: கூட்டமான ரயிலில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வருகிறது

ஏறாதீர்கள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, அல்லது மூக்கு தாங்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடுங்கள். ஓடும் ரயிலில் பெட்டிவிட்டுப் பெட்டி தாண்டுவது விதிப்படி தடை, ஆபத்தும்கூட.

அறிகுறி: ரயில் சுரங்கத்தின் நடுவே நின்றுவிட்டது

பெரும்பாலும் முன்னால் இன்னொரு ரயில் நிற்கிறது, அவ்வளவுதான். சில நிமிடத்தில் நகரும். பக்கத்தில் இருப்பவர்களைப் பாருங்கள், எவரும் தலையைக்கூட நிமிர்த்தியிருக்க மாட்டார்கள். பூமிக்கடியில் உள்ள நிலையங்களில் 2017 முதல் கைப்பேசி இணைப்பு கிடைக்கிறது, நடுச் சுரங்கத்தில் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் வழியைக் கிளம்பும்போதே படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அபாயக் கைப்பிடியை இழுக்காதீர்கள். இழுத்தால் ரயில் சுரங்கத்திலேயே நின்றுவிடும், உதவி வந்து சேர நேரமாகும். அடுத்த நிலையம்வரை போகவிட்டு அங்கே கண்டக்டரைக் கூப்பிடுங்கள். கதவில் சிக்கிய ஒருவரை ரயில் இழுத்துச் செல்கிறது என்பதுபோல, ரயில் ஓடுவதே ஆபத்தாக இருந்தால் மட்டும் இழுங்கள்.

அறிகுறி: கதவு மூடிவிட்டது, குடும்பத்தில் பாதிப் பேர் நடைமேடையில்

என் சித்தி குடும்பம் ஐந்து பேராக வந்து, மூவரும் இருவருமாகப் பிரிந்து, ஒருவரையொருவர் தேடி மூன்று நிலையங்களுக்கு மாறி மாறிப் போனார்கள். இரண்டு தரப்பும் நகர்ந்தால் சந்திக்கவே முடியாது. காலையில் ஓட்டலை விட்டுக் கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ரயிலில் போய்விட்டவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். விடுபட்டவர்கள் *அதே எழுத்து* போட்ட அடுத்த ரயிலில் வர வேண்டும். லோக்கலில் போனவர்களைத் தேடி எக்ஸ்பிரஸில் ஏறினால் அவர்கள் நிற்கும் நிலையத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

தனியே பிரிந்தது சிறு குழந்தை என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே உதவிக் கருவியின் சிவப்புப் பொத்தான் அல்லது அவசர எண் 911.

அறிகுறி: கைப்பேசி தண்டவாளத்தில் விழுந்துவிட்டது

இதில் படிப்படியான வைத்தியம் எதுவும் இல்லை, நேரே ஊழியரிடம்தான். பக்கத்துத் தண்டவாளமாகத் தெரியும் மூன்றாவது கம்பியில் 625 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. "ரயில் வர நான்கு நிமிடம் இருக்கிறதே" என்று குதிப்பவர்களுக்கு மேலே ஏறி வருவது எவ்வளவு கடினம் என்று தெரியாது. விழுந்த இடத்துக்கு நேராக இருக்கும் தூணை அடையாளம் வைத்துக்கொண்டு ஊழியரிடமோ உதவிக் கருவியிலோ சொல்லுங்கள், கருவியோடு ஆள் வந்து எடுத்துத் தருவார்கள். ரயிலுக்குள் மறந்துவிட்ட பொருளுக்கு 34 ஸ்ட்ரீட்–பென் ஸ்டேஷனில் தொலைந்த பொருள் அலுவலகம் இருக்கிறது.

அறிகுறி: வங்கிக் கணக்கில் புரியாத பெயரில் பணம் போயிருக்கிறது

பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு வரும் அழைப்பு இது. 'எம்.டி.ஏ என்.ஒய்.சி.டி பேகோ' என்று இருந்தால் திருட்டு அல்ல, உங்கள் ரயில் கட்டணம்தான்.

தொகை கூடுதலாகத் தெரிந்தால், ஒரே அட்டையைத்தான் எப்போதும் தொட்டீர்களா என்று யோசியுங்கள். ஒரே அட்டையில் 7 நாளுக்குள் 35 டாலரை எட்டிவிட்டால் அந்த 7 நாளின் மிச்சப் பயணங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலையில் பிளாஸ்டிக் அட்டையையும் மாலையில் அதே அட்டை ஏற்றிய கைப்பேசியையும் தொட்டால், இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு பயணிகள். இரண்டுமே 35-ஐ எட்டாமல் நின்றுவிடும். என் அத்தை கைப்பேசி, கைக்கடிகாரம், அட்டை மூன்றையும் மாற்றி மாற்றித் தொட்டிருந்தார். அந்தப் பணம் திரும்ப வராது.

ஒரே அட்டை, ஒரே நாள், ஒரே கதவில் நான்கு முறை பிடித்திருக்கிறது, நீங்கள் போனதோ ஒருவர் மட்டும் என்றால் ஓம்னி இணையதளத்தில் அந்த அட்டையின் பயண விவரத்தைப் பார்த்துப் புகார் கொடுங்கள். நீங்கள் ஊர் திரும்பியதற்குப் பிந்தைய தேதியிலும் புதிய பயணங்கள் பதிவாகியிருந்தால் மட்டும் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள்.